கண்ணாடியில் கரி

இலொயிலோ,
30 ஏப்ரல் 2024

டாக்டர் அர்செனியோ கால்வெஸ் அவர்களுக்கு,

தங்கள் மீதான என் குறைகளை நாள்வாரியாகக் கீழே தருகிறேன்.

1. பிப்ரவரி 10. பக்கோலோடில், தங்கள் பல் மருத்துவமனையின் மாடியில், துப்பாக்கிச் சுடும் போட்டியில் ஸ்டாண்டர்ட் பிரிவை விட்டு ஓப்பன் பிரிவுக்கு மாறும்படி எனக்கு அறிவுரை கூறினீர்கள். ஐம்பத்தாறு வயதுக் கண்ணுக்கு இரும்புக் குறிமுனை இனித் தெரியாது, செம்புள்ளிக் கண்ணாடி மாட்டிய துப்பாக்கிதான் சரி என்றீர்கள். தோட்டா நிரப்பும் எந்திரம் நான் வாங்க வேண்டாம், இருவருக்கும் சேர்த்துத் தாங்களே நிரப்புவதாகவும் வாக்களித்தீர்கள். அன்றிலிருந்து துப்பாக்கி என்னுடையது, அதற்கு உணவு தங்களுடையது என்றாயிற்று. இந்த ஏற்பாட்டுக்கு நட்பு என்று அப்போது பெயரிட்டேன்.

2. மார்ச் 16. பட்டறைக்காரர் மனோங் டெலோ கட்டிய என் முதல் ஓப்பன் துப்பாக்கி பக்கோலோட் சுடுதளத்தில் தங்கள் வேகமானியின் மீது சுடப்பட்டது. ஈயக்குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து வரும் எண் 160ஐத் தொட்டால்தான் மேஜர் என்னும் உயர்ந்த புள்ளிக் கணக்கு. எனக்கு 166 வந்தது. தாங்கள் செம்புள்ளிக் கண்ணாடியை விரலால் தடவிக் காட்டி, "பாரு, கரியே இல்ல. மனோங் டெலோ ஒழுங்காத்தான் கட்டியிருக்கார். இனிமே இதைத் தொடாதே" என்று நால்வர் கேட்கச் சொன்னீர்கள். ஒருவனை நிம்மதியாக உறங்கவைக்க இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

3. ஏப்ரல் 6. பயிற்சியில் காலி உறை வெளியேறாமல் என் துப்பாக்கியின் பக்கத் திறப்பில் சிக்கியது. "ஸ்பிரிங் கெட்டியா இருக்கு. இல்லேன்னா..." என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல், தங்கள் பெட்டியிலிருந்து மென்மையான ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். இல்லையென்றால் என்ன என்று அன்று நான் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன்.

4. ஏப்ரல் 27. டுமகேட்டேயில், போட்டிக்கு முந்தைய நாள் பயிற்சி முடிந்ததும், பாதுகாப்பு மேசையில் இருந்த என் துப்பாக்கியை என் அனுமதியின்றி எடுத்தீர்கள். ஸ்லைடைப் பின்னிழுத்துப் பூட்டி, உள்ளே பார்த்து, கண்ணாடியைத் துடைத்து வைத்தீர்கள்.

5. ஏப்ரல் 28. நடுவர்கள் என் இடுப்புப் பட்டையிலிருந்து எட்டுத் தோட்டாக்களை எடுத்துச் சென்றார்கள். ஒன்றைப் பிரித்து ஈயக்குண்டை நிறுத்தார்கள். வேகம் அளக்கும் மேசையில் முதல் மூன்று குறைந்தன. அடுத்த மூன்றும் குறைந்தன. எட்டாவதைச் சுடலாம் அல்லது பிரித்து எடை பார்க்கலாம் என்றார்கள். எடை பார்க்கச் சொன்னேன். ஈயக்குண்டின் எடை சரியாகவே இருந்தது, வேகம்தான் இல்லை. 156. அன்று முழுவதும் என் புள்ளிகள் மைனர் கணக்கில் எழுதப்பட்டன. நடுப்பகுதிக்கு வெளியே பட்ட ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி போயிற்று. தேசியப் போட்டிக்குச் செல்லும் விசாயாஸ் வட்டார அணியில் சீனியர் ஓப்பன் பிரிவில் மீதமிருந்த ஒரே இடம் தங்களுக்குக் கிடைத்தது.

6. அதே நாள் மாலை. சுட்ட கோழிக்கு முன்னால் அமர்ந்து, கையில் எண்ணெய் வழிய, மேசையைப் பார்த்து, "பல் டாக்டர் மருந்தைக் குறைச்சுட்டான்னு எவனும் சொல்லிடாதீங்கப்பா" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் அப்படி ஒரு சந்தேகம் என் மனத்தில்கூட எழவில்லை. எழாத சந்தேகத்துக்கு மறுப்பு எங்கிருந்து வந்தது?

மேற்கண்டவற்றிலிருந்து வரும் முடிவு ஒன்றுதான். எனக்கென்று நிரப்பிய தோட்டாக்களில் தாங்கள் வெடிமருந்தைக் குறைத்திருக்கிறீர்கள்.

ஜூன் 22 அன்று என் மகள் மரிசெல்லின் திருமணம். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி எனக்குக் கும்பாரே ஆனவர் தாங்கள். திருமணத்திலும் ஞானத்தகப்பனாக நிற்கத் தங்கள் பெயரே முதலில் எழுதப்பட்டிருந்தது. அழைப்பிதழ் அச்சுக்குப் போவதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மே 7க்குள் எழுத்துமூலம் பதில் தேவை. தொலைபேசி வேண்டாம்.

பொறியாளர் வில்ஃப்ரீடோ பக்லிபார்


பக்கோலோட்,
5 மே 2024

வில்லி கும்பாரே,

உன் கடிதாசி வந்துச்சு. "தாங்கள்"னு எழுதியிருக்கே. கல்லூரி விடுதியில ஒரே சோப்பைப் பாதி பாதியா வெட்டிக் குளிச்சவனுங்க நாம. "தாங்கள்"ங்கற சொல்லைப் படிச்சதும் பின்னாடி யாராவது பிஷப் நிக்கிறாரான்னு திரும்பிப் பார்த்தேன்.

நான் பேனாவைத் தொடறது மருந்துச் சீட்டு எழுதத்தான். போன் வேண்டாங்கறே, அதனால எழுதறேன்.

மருந்தைக் குறைக்கலே. உனக்குத் தனியா, எனக்குத் தனியான்னு நான் நிரப்பினதே இல்ல. ஒரே எந்திரம், ஒரே டப்பா மருந்து, ஒரே உக்காரல். வந்து விழறதை ரெண்டு பெட்டியில அள்ளிப் போடுவேன். எது உன்னுது எது என்னுதுன்னு எனக்கே தெரியாது. என் எட்டையும்தான் அதே மேசையில சுட்டாங்க. எனக்கு 164 வந்துச்சு. உன்னைக் கவுக்கணும்னா நானும் சேர்ந்துதான் கவுந்திருக்கணும்.

உன்கிட்ட மிச்சம் இருக்கறதைப் பிரிச்சு எடை போட்டுப் பாரு. உங்க பல்கலைக்கழகத்துலதான் தூசியைக்கூட நிறுக்கற தராசு இருக்கே.

அப்புறம் அந்த ஜோக்கு. ஒரு மனுஷன் நாள் பூரா பொணம் மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, சிரிக்க வைக்க ஏதாவது சொல்லத்தான் தோணும். என்னை வெச்சே ஜோக்கு சொன்னேன், உன்னை வெச்சுச் சொல்லலே. அது தப்பா?

கண்ணாடியைத் துடைச்சேன்னு எழுதியிருக்கே. ஆமா, துடைச்சேன். அடுப்பு மேல கவுத்த சட்டி மாதிரி கருப்பா இருந்துச்சு. அதோட போய் நின்னா உனக்குப் புள்ளி எங்க தெரியும்? நீ ஏற்கனவே கோழி கொத்தற மாதிரி மூக்கை மேலயும் கீழயும் ஆட்டிப் புள்ளியைத் தேடிக்கிட்டிருந்தே. பாவம்னு துடைச்சேன். அதுவும் குத்தப் பத்திரிகையில நாலாவது நம்பரா?

ஸ்பிரிங் விஷயம் எனக்கு ஞாபகம் இல்ல. ஏதோ சொல்ல வந்திருப்பேன்.

நம்ம ரெண்டு பேர் சண்டையில பொண்ணை இழுக்காதே. என் வீட்டுக்காரி நெனிதா பட்டுச் சட்டைத் துணி எடுத்துத் தையக்காரர்கிட்ட குடுத்தாச்சு. அந்த ஆளு கெட்டிக்காரர், என் வயித்துக்கும் சேர்த்தே அளவு எடுத்திருக்கார்.

உன்
சென்


இலொயிலோ,
10 மே 2024

டாக்டர் கால்வெஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நகைச்சுவைப் பகுதிகளை நீக்கிவிட்டு மீதியைக் கவனத்தில் கொண்டேன்.

தாங்கள் கூறியபடியே மீதமிருந்த தோட்டாக்களைப் பிரித்து, வேதியியல் துறையின் தராசில் வெடிமருந்தை நிறுத்தேன். ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லை. மார்ச் மாதம் தாங்கள் கொடுத்ததில் மிஞ்சியவற்றையும் நிறுத்தேன். அளவு ஒன்றுதான். எனவே வெடிமருந்து குறித்த குற்றச்சாட்டை மட்டும் திரும்பப் பெறுகிறேன். இது மன்னிப்பு அல்ல. கணக்கில் ஓர் உறுப்பு பிழை என்று தெரிந்தால் அதை அடித்துவிட்டு மீதிக் கணக்கைத் தொடர வேண்டும், அவ்வளவே.

மருந்து மாறவில்லை, ஈயக்குண்டின் எடை மாறவில்லை, ஆனால் வேகம் குறைந்தது. மாறக்கூடியதாக எஞ்சி நிற்பது குழல் ஒன்றே.

தங்கள் துப்பாக்கியையும் என் துப்பாக்கியையும் கட்டியவர் ஒரே ஆள்: இங்கே இலொயிலோவில், மோலோ பகுதியில் பட்டறை வைத்திருக்கும் மனோங் டெலோ. இரண்டுக்கும் ஒரே அளவுக் குழல், முனை எகிறாமல் இருக்கக் காற்றை மேலே தள்ளும் ஒரே வகைக் காம்ப். தங்கள் குழல் தேய்ந்துவிட்டதாக ஜனவரியிலேயே புலம்பினீர்கள். அப்படிப் புலம்பியவருக்கு ஏப்ரலில் 164 வருகிறது. புதுக் குழல் வாங்கிய எனக்கு 156 வருகிறது. மார்ச் கடைசியில், புனித வாரத்தில், ஒரு சிறு சரிபார்ப்புக்காக, என் துப்பாக்கி சில நாள் அந்தப் பட்டறையில் இருந்தது. அந்த நாட்களில் தாங்கள் இலொயிலோவுக்கு வந்தீர்கள் என்பதைத் தங்கள் மனைவியார் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். சிலுவைப் பாதைக்காக வந்ததாகச் சொன்னாராம். பக்கோலோடில் இல்லாத சிலுவையா இலொயிலோவில் இருக்கிறது?

என் குழல் தங்கள் துப்பாக்கியிலும், தங்கள் தேய்ந்த குழல் என் துப்பாக்கியிலும் இருப்பதாக எண்ண எனக்குப் போதிய காரணம் உண்டு. தங்கள் குழலில் பொறித்துள்ள எண்ணை ஒளிப்படம் எடுத்து, கடிதத்துடன் இணைத்து, மே 15க்குள் அனுப்பவும். படம் வராவிட்டால் துப்பாக்கிச் சுடுவோர் சங்கத்தின் செயற்குழுவுக்கு என் புகார் போகும். மனோங் டெலோவின் பட்டறைக்குச் சங்கம் தரும் பரிந்துரையும் அதில் கேள்விக்குள்ளாகும்.

பட்டுத் துணி பற்றி நான் கேட்கவில்லை.

வில்ஃப்ரீடோ பக்லிபார்


பக்கோலோட்,
14 மே 2024

வில்லி,

படம் வெச்சிருக்கேன். என் குழல், என் எண். தேய்ஞ்ச குழலை ஜனவரியிலயே மாத்திட்டேன். நீயும்தான் கூட இருந்தே. அந்தப் பழசை வெச்சு உன் பேரப்பிள்ளைக்கு ஊதுகுழல் செஞ்சு தரலாம்னுகூட சொன்னே.

ஆனா படத்தை அனுப்பிட்டுச் சும்மா இருக்க என்னால முடியல. டெலோ பட்டறையைப் பத்தி நீ எழுதினது என்னைச் சுட்டுச்சு. அந்த ஆளு என்ன பண்ணினார்? ஞாயித்துக்கிழமை காலைப் படகுல ஏறி மோலோவுக்குப் போயிட்டேன்.

பட்டறை வாசல்ல உக்காந்து நூடுல்ஸ் சூப்பு உறிஞ்சிக்கிட்டிருந்தார். உன் கடிதாசியை அவர்கிட்ட காட்டலே. பொதுவாத்தான் கேட்டேன்: வில்லியோட துப்பாக்கியில ஏதாச்சும் குழல் மாறிப் போச்சான்னு. கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "குழல் ஏன் டாக்டர் மாறும்? அந்தக் குழல்ல ஓட்டை போட்டதுக்கப்புறம் அது வேற எந்தத் துப்பாக்கிக்கும் ஆகாதே" அப்படின்னார்.

என்ன ஓட்டைன்னு கேட்டேன்.

"உங்க கும்பாரே உங்ககிட்ட சொல்லலியா? புனித வாரத்துல கொண்டாந்தார். முனை இன்னும் எகிறுது, குழல்ல ரெண்டு ஓட்டை போட்டு அடக்கிக் குடுங்கன்னார். வேகம் குறையும், மறுபடி அளந்து மருந்தைக் கூட்டணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பார்த்துக்கறேன்னார். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிட்டார். டாக்டருக்குத் தெரிய வேண்டாம்னு."

வில்லி, அங்கயே உக்காந்து அவரோட சூப்பை நானும் ஒரு கிண்ணம் குடிச்சேன்.

ஓட்டை வழியா காத்து மேல போனா குண்டைத் தள்ற காத்து குறையும். இதை நானா உனக்குச் சொல்லணும்? பாலத்துக்குக் கணக்குப் போடறவன் நீ. மார்ச்ல 166 வந்த தோட்டா, ஓட்டை போட்ட குழல்ல 166 வராது. அளந்திருக்கணும். அளக்கணும்னா என் வேகமானி வேணும். என்கிட்ட வந்தா நான் ஏன்னு கேப்பேன். அதனால நீ அளக்கவே இல்ல. அப்படித்தானே?

என்னைவிட முனை எகிறாம சுடணும், எனக்குத் தெரியாம சுடணும், போட்டியன்னைக்கு நான் வாயைப் பொளக்கணும். அவ்வளவுதானே ஆசை? கேட்டிருந்தா நானே டெலோகிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன். என் குழல்லயும் ரெண்டு போட்டுக்கிட்டிருப்பேன்.

இந்த ஓட்டை விஷயம் டெலோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணும் தெரியாது. புனித வாரத்துல நான் வந்தது எங்க அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சதைப் பார்க்க. சிலுவைப் பாதைன்னு நெனிதாகிட்ட சொன்னேன், ஏன்னா அத்தைக்கும் அவளுக்கும் பேச்சு இல்ல. போதுமா?

பேரைப் போடறதும் போடாததும் உன் இஷ்டம். நான் கோவமா இல்ல. ஆனா டெலோ பேரை எங்கயும் எழுதாதே.

சென்


இலொயிலோ,
18 மே 2024

டாக்டர் கால்வெஸ் அவர்களுக்கு,

1. துளைகள் பற்றித் தாங்கள் எழுதியது உண்மை. அவற்றை நான் போடச் சொன்னேன். தங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். செயற்குழுவுக்குப் புகார் போகாது. மனோங் டெலோவை நேற்று நேரில் சந்தித்து, அவர் பட்டறையைப் பற்றி நான் எழுதியதையும் அதைத் திரும்பப் பெற்றதையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "துப்பாக்கியை வெச்சுட்டுப் போங்க, ஸ்பிரிங் பார்த்துத் தரேன்" என்றார்.

2. அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். காம்ப் மட்டும் இருக்கும் துப்பாக்கியில் செம்புள்ளிக் கண்ணாடி எவ்வளவு கறுக்கும், குழலிலும் துளை இருந்தால் எவ்வளவு கறுக்கும் என்று. கண்ணாடிக்கு நேர் கீழே அந்தத் துளைகள் கரியைத் துப்பும் என்றும், ஓப்பனில் இரண்டு பருவம் சுட்டவன்கூடக் கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவான் என்றும் பதில் சொன்னார். தாங்கள் ஒன்பது பருவம் சுட்டவர்.

3. இனி, ஏப்ரல் 6. காம்புக்குப் போக வேண்டிய காற்று துளை வழியே போனால் ஸ்லைடுக்கு உதைக்கும் வலு குறைந்து காலி உறை சிக்கும். "ஸ்பிரிங் கெட்டியா இருக்கு. இல்லேன்னா..." என்ற இடத்தில் தாங்கள் நிறுத்தினீர்கள். எந்த நினைவும் இல்லை என்று தங்கள் முதல் கடிதம் சொல்கிறது. விடுதிச் சோப்பை எப்படி வெட்டினோம் என்பது நினைவில் இருப்பவருக்கு, நான்கு வாரத்துக்கு முந்தைய வாக்கியம் நினைவில் இல்லை.

4. ஏப்ரல் 27. பாதுகாப்பு மேசை. மார்ச் மாதம் கரியே இல்லை என்று காட்டிய அதே விரல் அன்று கரியைத் துடைத்தது. சட்டி போல் கருப்பு என்பது தங்கள் சொல். ஸ்லைடைப் பின்னிழுத்துப் பூட்டினால் குழலின் மேற்புறம் திறந்து கிடக்கும். கண்ணாடி துடைக்க ஸ்லைடைப் பூட்ட வேண்டியதில்லை. தாங்கள் பூட்டினீர்கள். உள்ளே பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் தோட்டாப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன்; ஆனாலும் அந்தப் பார்வை எனக்குத் தெரிந்தது. ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று காத்திருந்தேன். "சாப்பிடப் போலாம் வா" என்றீர்கள்.

5. தங்கள் வேகமானி அன்று தங்கள் வண்டியில் இருந்தது. சற்று மருந்து கூட்டி நிரப்பிய மாற்றுப் பெட்டியும் இருந்தது, எப்போதும் இருக்கும். மறுநாள் காலை நடுவர்கள் என் பட்டையில் கைவைப்பதற்கு முன், ஒரு மாலையும் ஓர் இரவும் இருந்தன. தாங்கள் எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. மருந்தைக் குறைக்கவில்லை, குழலை மாற்றவில்லை. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டீர்கள் என்பதுதான் என் கடைசிக் குற்றச்சாட்டு. அந்த இடமும் தங்களுக்கே வந்தது.

6. எதிர்வாதத்தையும் நானே எழுதுகிறேன். இவன் நம்மிடம் மறைத்தான், இவனே வாய்திறந்து சொல்லட்டும் என்று தாங்கள் காத்திருக்கலாம். அப்படியானால் டுமகேட்டேயில் ஒரே மேசையில் இரவு உணவு உண்ட இருவரில் ஒருவர் துளையை மறைத்துக்கொண்டும், மற்றவர் துளை தெரிந்ததை மறைத்துக்கொண்டும் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். இந்தச் சித்திரத்தில் என் பங்கு எது என்பதை நான் அறிவேன். தங்கள் பங்கை அறிய விரும்புகிறேன்.

மரிசெல் நேற்று மாலை அழைப்பிதழின் மாதிரித் தாளை என் மேசை மேல் வைத்தாள். ஞானப்பெற்றோர் பட்டியலில் நெனிதா கால்வெஸ் என்ற பெயருக்கு எதிரில் ஒரு வெற்றிடம். அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மேல அச்சகத்துல காத்திருக்க மாட்டாங்கப்பா. ஞானப்பா பேரைப் போடணுமா வேண்டாமா?"

விசாரணை முடியவில்லை என்றேன்.

"என் கல்யாணத்துக்கு உங்க மேஜர் மைனர் எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேக்காமலே பதில் சொல்லிக்கிட்டிருக்கீங்க."

அவள் போன பிறகு அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் ஒரு பகுதி சரி. எனவே கேட்கிறேன். பத்து வாக்கியங்களில் சுற்றி வளைத்த கேள்வியை ஒரே வாக்கியத்தில் வைக்கிறேன்.

ஏப்ரல் 27 அன்று, அந்தக் கண்ணாடியைத் துடைத்தபோது, துளைகளைப் பார்த்தாயா?

இதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அதை நான் நம்ப மாட்டேன்; அந்த வரி வெற்றாகவே அச்சுக்குப் போகும். பார்க்காதவனும் பார்த்துவிட்டுப் பொய் சொல்பவனும் என் மகளுக்கு முன்னால் ஒரே உடையில் நிற்க முடியாது, அவர்களைப் பிரித்தறிய எனக்கு வேறு தராசும் இல்லை. 'ஆம்' என்று பதில் வந்தால், அந்த ஒரு சொல்லுக்குக் கீழே விளக்கம் எதுவும் தேவையில்லை. பெயர் அச்சாகும். அந்தப் பெயரில் யார் நிற்கிறார் என்பது எனக்கு அப்போது தெரிந்திருக்கும். என் பெயரில் யார் நிற்கிறார் என்பது உனக்கு ஏற்கனவே தெரியும்.

பதில் எழுத்துமூலமாக, உன் கையெழுத்தில், மே 24 வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இலொயிலோவில் என் கைக்கு வந்து சேர வேண்டும்.

வில்லி